சட்டை கழற்றாத மகனீசியம்

மகப்பேற்று விடுதியில் வேலை செய்த தாதியர் யாரைக் கேட்டாலும் இதைச் சொல்வார்கள். பிரசர் ஏறி, வலிப்பு வந்துவிடுமோ என்ற நிலையில் இருக்கும் கர்ப்பிணிக்கு மகனீசியம் சல்பேற்று ஏற்றும்போது, பக்கத்துத் தட்டில் கல்சியம் குளுக்கோனேற்றுக் குப்பி ஒன்றும் ஆயத்தமாக இருக்க வேண்டும். இடைக்கிடை வந்து முழங்காலுக்குக் கீழே சின்னச் சுத்தியலால் தட்டிப் பார்ப்பார்கள். கால் துள்ளினால் சரி. மூச்சை எண்ணுவார்கள், சிறுநீர் எவ்வளவு போகிறது என்று அளப்பார்கள். துள்ளல் இல்லாமல் போனால் மகனீசியத்தை நிறுத்திவிடுவார்கள். மூச்சும் மந்தமானால் அந்தக் கல்சியக் குப்பியை உடைத்து நாளத்தில் மெதுவாக ஏற்றுவார்கள்.

மகனீசியம் ஏறத் தொடங்கியதும் பல தாய்மார், "உடம்பெல்லாம் காந்துது, முகம் கொதிக்குது" என்பார்கள். காய்ச்சல் அல்ல. தோலுக்கு அருகிலுள்ள குருதிக்கலன்கள் விரிந்து, அங்கே கூடுதல் குருதி பாய்வதால் வரும் வெக்கை அது.

கலன்கள் ஏன் விரிந்தன? மகனீசியத்துக்கு மாற்று மருந்து ஏன் கல்சியம்? கல்சியம் ஒரு கலத்துக்குள் எப்படி நுழைகிறது, நுழைந்து என்ன செய்கிறது என்று தெரிந்தால் இரண்டுக்கும் விடை கிடைத்துவிடும். உயர்தரத்தில் உயிரியல் படித்தவர்களுக்கு இதில் பாதி தெரிந்திருக்கும். படிக்காதவர்களுக்கும் விளங்குகிற மாதிரிச் சொல்லப் பார்க்கிறேன்.

சுவருக்குள் இருக்கும் தசை

தசை என்றால் புயம், தொடை, இதயம் என்றுதான் நினைவு வரும். நாடிகளின் சுவரிலும் தசை இருக்கிறது. மழமழப்பான தசை என்று பாடப்புத்தகம் சொல்வது இதைத்தான். நாங்கள் விரும்பினாலும் விரும்பாவிட்டாலும் அது தன்பாட்டில் வேலை செய்யும். இந்தத் தசைக்கலங்கள் குழாயைச் சுற்றி வளையம் வளையமாகக் கிடக்கின்றன. அவை சுருங்கினால் துவாரம் ஒடுங்கும், தளர்ந்தால் அகலும்.

பிரசர் விஷயத்தில் கண்ணுக்குத் தெரியாத அளவு மெல்லிய நாடிகளுக்கு, அதாவது புன்னாடிகளுக்கு, பெரிய பங்கு உண்டு. உயர்தரப் பௌதிகவியலில் வரும், குழாயில் திரவம் ஓடுவதைக் கணக்கிடும் புவசேயின் சமன்பாட்டை எடுத்துப் பாருங்கள். குழாயின் ஆரை 10 சதவீதம் குறைந்தால் ஓட்டத்துக்கான தடையும் 10 சதவீதம்தான் கூடும் என்று தோன்றும். உண்மையில் ஏறக்குறைய 52 சதவீதம் கூடுகிறது. ஆரை பாதியானால் தடை 16 மடங்கு. தடை ஆரையின் நான்காம் வலுவுக்கு நேர்மாறாக மாறுவதால் வருகிற விளைவு அது. ஆகவே இந்தத் தசை கொஞ்சம் இறுகினாலே போதும், கையில் பட்டி கட்டி அளக்கிற எண் ஏறிவிடும்.

அப்படி இறுகச் சொல்லும் கட்டளைதான் கல்சியம்.

கல்சியம் கொண்டுபோகும் சேதி

கல்சியத்துக்கு இந்த வேலை இருப்பது குழாய்த் தண்ணீரால் தெரியவந்தது. லண்டனில் சிட்னி ரிங்கர் என்ற மருத்துவர் தவளையின் இதயத்தை வெளியே எடுத்து உப்புக் கரைசலில் துடிக்க வைத்துக்கொண்டிருந்தார். அது நன்றாகத்தான் துடித்தது. பிறகு பார்த்தால் உதவியாளர் அந்தக் கரைசலைக் காய்ச்சி வடித்த நீரில் கரைக்கவில்லை, குழாய்த் தண்ணீரில் கரைத்திருக்கிறார். சுத்தமான நீரில் கரைத்துக் கொடுத்தபோது துடிப்பு அடங்கிப்போனது. தேடிப் பார்த்ததில், குழாய்த் தண்ணீரில் இருந்த கல்சியம்தான் இதயத்தை இயக்கியிருக்கிறது. 1883-இல் ரிங்கர் இதை எழுதி வெளியிட்டார். கேத்தல் அடியில் வெள்ளையாகப் படை பிடிக்கும் எங்கள் ஊர்க் கிணற்றுத் தண்ணீர் அவர் கையில் கிடைத்திருந்தால், கல்சியத்துக்குப் பஞ்சமே இருந்திருக்காது.

இதயத் தசைக்கு மட்டுமல்ல, நாடிச் சுவரின் தசைக்கும் இதே கதைதான். எண்களைக் கொஞ்சம் கவனியுங்கள். கலத்துக்கு வெளியே, குருதியில், கட்டுண்டு கிடக்காமல் சுதந்திரமாகத் திரியும் கல்சியம் லீற்றருக்கு ஏறக்குறைய 1.2 மில்லிமோல். தளர்ந்திருக்கும் தசைக்கலத்துக்குள்ளே அது ஏறக்குறைய 0.0001 மில்லிமோல். அதாவது வெளியே இருப்பது உள்ளே இருப்பதைப்போலப் பத்தாயிரம் மடங்குக்கும் மேல். கலம் ஓயாமல் சக்தி செலவழித்துக் கல்சியத்தை வெளியே தள்ளியும், உள்ளேயே ஒரு மூலையில் அடைத்தும் இந்த வித்தியாசத்தைக் காப்பாற்றுகிறது.

இவ்வளவு பாடுபடுவது ஏன்? உள்ளே கல்சியம் மிகக் குறைவாக இருந்தால்தான் கொஞ்சம் நுழைந்தாலும் கலத்துக்கு அது பெரிய செய்தியாகப் படும். உள்ளே இருப்பது ஐந்து, பத்து மடங்கு கூடினாலே தசை சுருங்கத் தொடங்கிவிடும். அப்போதும் உள்ளே இருப்பது வெளியே இருப்பதில் ஆயிரத்தில் ஒரு பங்கைத் தாண்டாது.

கல்சியம் வந்து சேர முக்கியமாக இரண்டு வழிகள். ஒன்று, கலத்தின் மென்சவ்வில் இருக்கும் எல் வகைக் கால்வாய்கள். மென்சவ்வின் மின்னழுத்தம் மாறும்போது இவை திறக்கும், வெளியே காத்துக் கிடக்கும் கல்சியம் உள்ளே பாயும். மற்றது உள்ளேயே இருக்கும் களஞ்சியம். அகமுதலுருச் சிறுவலை என்று படித்திருப்பீர்கள். நாங்கள் பயந்தால், கோபப்பட்டால், குளிரில் நடுங்கினால், நரம்பு முனைகள் நோரட்ரினலினைச் சுரக்கின்றன. அது தசைக்கலத்தின் மேற்பரப்பில் வந்து பொருந்தியதும் உள்ளே ஐ.பி.3 என்ற சின்ன மூலக்கூறு உண்டாகிறது. ஐ.பி.3 போய்க் களஞ்சியத்தின் கால்வாயைத் திறக்கிறது, அங்கிருந்த கல்சியம் கொட்டுகிறது.

வந்த கல்சியம் தானாகத் தசையை இழுப்பதில்லை. கல்மொடியூலின் என்ற புரதத்தைப் பிடிக்கிறது. ஒரு கல்மொடியூலினில் நான்கு கல்சியத்துக்கு இடம் இருக்கிறது. கல்சியம் ஏறிய கல்மொடியூலின் உருமாறி ஒரு நொதியத்தை எழுப்புகிறது. அந்த நொதியம் மயோசின் புரதத்தில் ஒரு பொசுபேற்றை ஒட்டிவிடுகிறது. பொசுபேற்று ஒட்டியதும் மயோசின் அக்டின் என்ற இழைப் புரதத்தைப் பற்றி இழுக்கும், கலம் சுருங்கும். கல்சியம் திரும்பவும் குறைந்தால் இன்னொரு நொதியம் வந்து பொசுபேற்றைக் கழற்றிவிடும், தசை தளரும். கல்சியத்தின் அளவு மாறாமலே இந்தச் சமநிலையை மாற்றுகிற வேறு வழிகளும் கலத்தில் உண்டு. இப்போதைக்கு அவற்றை விட்டுவிடலாம்.

ஒரு முரணை மட்டும் சொல்லாமல் போக மனமில்லை. கல்சியம் என்றால் சுருக்கம் என்று மனப்பாடம் செய்துவிடாதீர்கள். களஞ்சியத்தில் ரயனொடின் வாங்கி என்ற இன்னொரு வகைக் கால்வாயும் உண்டு. அதன் வழியாக மென்சவ்வுக்கு அருகே ஒரு சின்னக் கல்சியப் பொறி தெறித்தால், அது பொற்றாசியக் கால்வாய்களைத் திறந்து கலத்தைத் தளரவைக்கும். 1995-இல் இதைக் கண்டுபிடித்தபோது பலருக்கு ஆச்சரியம். எவ்வளவு கல்சியம் என்பதோடு எந்த இடத்தில் என்பதும் முக்கியம்.

ஒரே குடும்பம், வேறு குணம்

இனி மகனீசியத்துக்கு வருவோம்.

ஆவர்த்தன அட்டவணையில் மகனீசியத்துக்கு நேர் கீழே கல்சியம் இருக்கிறது. இரண்டும் இரண்டு இலத்திரன்களை இழந்து இரட்டை நேரேற்றத்தோடு திரிபவை. ஏற்றத்தை மட்டும் பார்க்கிற புரதத்துக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான். ஆனால் அளவில் வித்தியாசம் உண்டு. வெறும் அயனாகப் பார்த்தால் மகனீசியத்தின் ஆரை ஏறக்குறைய 72 பிக்கோமீற்றர், கல்சியத்தின் ஆரை 100.

சிறியது எளிதாக நுழையும் என்றுதானே நினைப்போம்? நடப்பது நேர்மாறு. அதே ஏற்றம் சின்ன உருண்டையில் நெருங்கிக் கிடப்பதால் மகனீசியம் தன்னைச் சுற்றியுள்ள நீர் மூலக்கூறுகளை இறுக்கிப் பிடித்து வைத்திருக்கிறது. ஆறு நீர் மூலக்கூறுகள் அதைச் சுற்றி ஒழுங்காக நிற்கும். கல்சியமும் நீரைச் சுமந்துதான் திரிகிறது, ஆனால் அதன் பிடி தளர்வானது. ஒரு நீர் மூலக்கூறை விட்டுவிட்டு இன்னொன்றைப் பிடிக்கும் வேகத்தில் கல்சியத்தைவிட மகனீசியம் ஏறக்குறைய ஆயிரம் மடங்கு மெதுவானது. நீர்ப் போர்வையோடு சேர்த்துப் பார்த்தால் மகனீசியத்தின் கனவளவு வெறும் அயனைப்போல 400 மடங்கு என்று கணக்கிட்டிருக்கிறார்கள். கல்சியத்துக்கு அது 25 மடங்குதான்.

நல்லூர்க் கோயிலுக்குள் ஆண்கள் மேற்சட்டையைக் கழற்றித்தான் போகவேண்டும். கல்சியம் வாசலுக்கு வந்ததும் சட்டையைக் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டு விறுவிறென்று உள்ளே போகிற ஆள். மகனீசியமும் அதே வாசலுக்கு வரும், ஆனால் சட்டையைக் கழற்ற மாட்டேன் என்று அங்கேயே நின்றுவிடும். உள்ளே போகாது, பின்னால் வருகிறவருக்கும் இலகுவில் வழி விடாது.

எல் வகைக் கால்வாயின் ஒடுக்கமான இடத்தில் எதிரேற்றம் கொண்ட நான்கு குளூட்டமேற்று அலகுகள் இருக்கின்றன. நேரேற்ற அயன்களை இழுப்பது அவைதான். கல்சியம் தன் நீரை உதறி அவற்றைத் தொட்டுக்கொண்டே உள்ளே நழுவுகிறது. நீரை விடாத மகனீசியத்தால் அது முடியாது, ஆனால் இழுக்கப்பட்டு வாயிலுக்கு வந்து போட்டியிடும். கூடவே, மென்சவ்வின் வெளிப்பரப்பிலுள்ள எதிரேற்றங்களை மறைத்து, கால்வாய் திறப்பதையே கொஞ்சம் கடினமாக்கும். குருதியில் மகனீசியம் சாதாரணமாக லீற்றருக்கு 0.7 தொடக்கம் 1.0 மில்லிமோல் வரை இருக்கும். சுதந்திரக் கல்சியத்தோடு ஒப்பிட்டால் பெரிய வித்தியாசம் இல்லை. எனவே இந்தப் போட்டி எங்கள் எல்லோர் உடம்பிலும் எந்த நேரமும் நடந்துகொண்டுதான் இருக்கிறது.

கலத்துக்குள்ளே போனால் கணக்கு இன்னும் சுவையானது. அங்கே சுதந்திர மகனீசியம் ஏறக்குறைய 0.5 தொடக்கம் 1 மில்லிமோல். தளர்ந்த கலத்தில் கல்சியம் எவ்வளவு என்று மேலே பார்த்தோம். உள்ளே மகனீசியம் கல்சியத்தைவிட ஐயாயிரம் தொடக்கம் பத்தாயிரம் மடங்கு கூட. அப்படியென்றால், கல்சியத்துக்கென்று புரதங்களில் ஒதுக்கியிருக்கும் இருக்கைகளில் ஆள் இல்லாத நேரம் பார்த்து மகனீசியம் போய் உட்காரத்தானே செய்யும்? செய்கிறது. கல்மொடியூலினிலும் உட்காரும். ஆனால் அங்கே உட்கார்ந்து அது எதையும் இயக்குவதில்லை. கல்சியம் ஒரே நேரத்தில் ஏழு ஒட்சிசன் அணுக்களைத் தொட்டுப் புரதத்தைத் தன்னைச் சுற்றி வளைக்கும். மகனீசியம் ஆறோடு நின்றுவிடும். அந்த ஒன்று குறைவதால் புரதம் முழுதாக உருமாறாது, நொதியம் எழும்பாது. கல்சியம் உண்மையாகவே பெருகி வரும்போது அதன் பிடிமானம் வலுவானது என்பதால் மகனீசியத்தைத் தள்ளிவிட்டு இருக்கையைப் பிடித்துக்கொள்ளும். மகனீசியம் சேதியை அழிப்பதில்லை. சின்னச் சலசலப்புக்கெல்லாம் தசை துள்ளாதபடி ஒரு வாசற்படி உயரத்தை வைக்கிறது, அவ்வளவுதான்.

களஞ்சியத்தின் வாயில்களிலும் அதன் கை இருக்கிறது. ஐ.பி.3 திறக்கும் கால்வாயை மகனீசியம் அடக்குகிறது, ரயனொடின் வாங்கியையும் அடக்குகிறது. கொட்டிய கல்சியத்தைத் திரும்பக் களஞ்சியத்துக்குள் இறைக்கும் பம்பிக்கோ மகனீசியம் கட்டாயம் வேண்டும். ஏனென்றால் கலத்தின் சக்தி நாணயமான ஏ.ரி.பி. பெரும்பாலும் மகனீசியத்தோடு சேர்ந்துதான் செலவாகிறது. தனி ஏ.ரி.பி.யைப் பெரும்பாலான நொதியங்கள் ஏற்காது. சோடியத்தை வெளியேற்றிப் பொற்றாசியத்தை உள்ளே எடுக்கும் பம்பிக்கும் இதே நிலைதான். மகனீசியம் குறைந்து அந்தப் பம்பி சோர்ந்தால் மென்சவ்வின் மின்னழுத்தம் தளம்பும், எல் வகைக் கால்வாய்கள் இன்னும் இலகுவாகத் திறக்கும்.

மகனீசியத்தைக் கல்சியத்தின் எதிரி என்று சொல்வதில் எனக்கு உடன்பாடு இல்லை. மயோசின் அக்டினை இழுப்பதற்கும் அதே மகனீசிய ஏ.ரி.பி.தான் வேண்டும். மகனீசியம் முற்றாக இல்லாத தசை தளர்வதுமில்லை, சுருங்குவதுமில்லை. கல்சியம்போலச் செக்கனுக்குச் செக்கன் ஏறி இறங்கிச் சேதி சொல்வதும் அதன் வேலை அல்ல. மென்சவ்விலுள்ள ரி.ஆர்.பி.எம்.7 என்ற கால்வாய் போன்ற வழிகளால் அது ஆறுதலாக உள்ளே வரும், ஆறுதலாக வெளியே போகும்.

நாடி வளையத்தில் பார்த்தது

இதெல்லாம் காகிதத்தில் சரி, உண்மையான நாடியில் நடக்கிறதா? நியூயோர்க்கின் புறூக்ளினில் பேட்டன் அல்டுறா, பெலா அல்டுறா தம்பதியர் 1970களிலும் 80களிலும் இதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். செய்முறை எளிது. எலியின் நாடியில் இரண்டு, மூன்று மில்லிமீற்றர் அகலத்துக்கு ஒரு வளையம் வெட்டி, இரண்டு மெல்லிய கம்பிக் கொக்கிகளில் மாட்டி, 37 பாகையில் உப்புக் கரைசலுக்குள் தொங்கவிடுவார்கள். ஒட்சிசன் குமிழி விட்டுக்கொண்டே இருக்கும். ஒரு கொக்கி அசையாது, மற்றது இழுவையை அளக்கும் கருவியோடு தொடுத்திருக்கும். வளையம் இறுகினால் கோடு மேலே போகும், தளர்ந்தால் இறங்கும்.

கரைசலில் சாதாரணமாகச் சேர்க்கும் மகனீசியத்தை எடுத்துவிட்டால் கோடு மேலே போனது. நோரட்ரினலின், அஞ்சியோரென்சின் போன்ற, நாடியை இறுக்கும் பொருள்களைச் சொட்டுவிட்டபோது வளையம் முன்னைவிடக் கூடுதலாக இறுகியது. மகனீசியத்தைக் கூட்டியபோது தளர்ந்தது. நாயின் முடியுரு நாடியில், அதாவது இதயத்துக்கே குருதி கொடுக்கும் நாடியில், மகனீசியம் குறைந்தால் இசிவு, அதாவது திடீர் இறுக்கம், வருவதை 1980-இல் காட்டினார்கள். கலன்களின் உட்சுவரில் இருக்கும் கலங்கள் நைத்திரிக் ஒட்சைட்டை வெளிவிட்டுத் தசையைத் தளர்த்துவதிலும் மகனீசியத்துக்குப் பங்கு உண்டு. அது தனிக் கதை.

முதலில் கேட்ட கேள்விகளை இப்போது பார்க்கலாம். மகப்பேற்று விடுதியில் முதலில் 4 கிராம், பிறகு மணிக்கு 1 கிராம் என்று ஏற்றும்போது குருதியில் மகனீசியம் 2 தொடக்கம் 3.5 மில்லிமோல் வரை, அதாவது வழமையின் இரண்டு தொடக்கம் நான்கு மடங்கு வரை ஏறுகிறது. கால்வாய் வாசல்களில் சட்டையோடு நிற்பவர்களின் கூட்டம் பெருத்துவிட்டது. கல்சியம் நுழைவது குறைய, தசை தளர, கலன் விரிய, முகம் கொதிக்கிறது. இன்னும் ஏறினால் நரம்பு முனைகளிலும் கல்சியம் நுழைய முடியாமல் போகும். நரம்பு தசைக்குச் சேதி சொல்லும் அசற்றைல்கோலின் வெளிவருவதற்கு அந்தக் கல்சியம் வேண்டும். அது இல்லாவிட்டால் முழங்கால் துள்ளாது, பிறகு மூச்சுத் தசையும் ஓயும். கல்சியம் குளுக்கோனேற்றை ஏற்றுவது வாசலில் கல்சியத்தின் பக்கத்து ஆட்களைக் கூட்டுவதுதான். போட்டி என்பதால்தான் இந்த வைத்தியம் சரிவருகிறது.

இந்த வலிப்பு வைத்தியம் ஊகத்தில் நிற்பதல்ல. 33 நாடுகளில் 10,141 பெண்களைச் சேர்த்து, 2002-இல் வெளியான மக்பை ஆய்வில் மகனீசியம் பெற்றவர்களுக்கு வலிப்பு வரும் ஆபத்து 58 சதவீதம் குறைந்தது. ஆனால் அந்தப் பலன் முழுவதும் கலன் விரிவால் வந்தது என்று சொல்லிவிட முடியாது. மூளையில் குளூட்டமேற்று வாங்கி ஒன்றின் கால்வாயையும் மகனீசியம் அடைக்கிறது. அதற்கும் இதில் பங்கு உண்டு என்றே கருதுகிறார்கள்.

அழகான விளக்கம் எப்போதும் மருந்தாகாது

1984-இல் இரண்டு அமெரிக்க மருத்துவர்கள் மகனீசியத்தை இயற்கை தந்த கல்சியத் தடுப்பான் என்று வர்ணித்தார்கள். கேட்க நன்றாக இருக்கிறது, அதனால்தானோ என்னவோ எல்லோரும் எடுத்துச் சொல்கிறார்கள். அந்த வர்ணனையை நம்பிப் போனவர்களுக்கு என்ன நடந்தது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

மாரடைப்பு வந்தவர்களுக்கு மகனீசியம் ஏற்றினால் முடியுரு நாடி விரியும், இதயம் பிழைக்கும் என்று எதிர்பார்த்தார்கள். 1992-இல் 2,316 பேரில் செய்த பிரித்தானிய ஆய்வு ஒன்றில் இறப்பு 24 சதவீதம் குறைந்தது. எல்லோருக்கும் சந்தோசம். மூன்று வருடம் கழித்து 58,050 பேரைச் சேர்த்த ஐசிஸ்-4 ஆய்வு வந்தது. பலன் எதுவும் இல்லை. மூளையில் நாடி வெடித்து இரத்தம் கசிந்தவர்களுக்குப் பின்னால் நாடி இசிவு வருவதுண்டு. இசிவைத் தளர்த்த மகனீசியத்தைவிட வேறென்ன வேண்டும் என்று தோன்றும். 2012-இல் 1,204 பேரில் பார்த்தார்கள். அங்கும் பலன் இல்லை. கொக்கியில் தொங்கும் வளையம் வேறு, நோயாளி வேறு.

பிரசருக்குத் தரும் அம்லோடிபின், நிபெடிபின் குளிசைகள் எல் வகைக் கால்வாயையே குறிவைத்து, மிகச் சிறிய செறிவிலேயே அதில் போய் ஒட்டுபவை. மகனீசியம் பல இடங்களில் கொஞ்சம் கொஞ்சமாகத் தடுப்பது, அதற்கு ஆயிரக்கணக்கான மடங்கு செறிவு வேண்டும். "மகனீசியம் எடுக்கிறன், அம்லோடிபினை விட்டிட்டன்" என்று யாராவது சொன்னால் அவரைக் கையோடு கிளினிக்குக்கு அனுப்பி வையுங்கள். மகனீசியம் குளிசையால் பிரசர் குறைகிறதா என்று பார்த்த 34 ஆய்வுகளை 2016-இல் ஒன்றாகச் சேர்த்துக் கணக்கிட்டார்கள். ஏறக்குறைய மூன்று மாதம், நாளொன்றுக்கு 368 மில்லிகிராம் அளவில் எடுத்தவர்களுக்கு மேல் அழுத்தம் சராசரியாக 2 மில்லிமீற்றர் குறைந்தது, கீழ் அழுத்தம் 1.78. பொய் இல்லை, ஆனால் சின்னது. வாயால் எடுப்பது ஊசியால் ஏற்றுவதுபோல அல்ல. குடல் ஒரு பகுதியைத்தான் உறிஞ்சும், குருதியில் கொஞ்சம் கூடியதும் சிறுநீரகம் கழித்துவிடும்.

கிணறும் எள்ளும்

"எங்கட தண்ணியில எல்லாம் இருக்குத்தானே?" என்று கேட்பார்கள். யாழ்ப்பாணக் குடாநாடு சுண்ணக்கல்லின் மேல் கிடக்கிறது. சுண்ணக்கல் என்றால் கல்சியம் காபனேற்று, எனவே கிணற்று நீரில் கல்சியம் தாராளம். மகனீசியமும் இருக்கும், ஆனால் எவ்வளவு என்பது கிணற்றுக்குக் கிணறு மாறும். கடல்நீர் ஊடுருவிய கிணறுகளில் அது கூடும், ஏனென்றால் கடல்நீரில் ஒரு லீற்றரில் மகனீசியம் ஏறக்குறைய 1.3 கிராம், கல்சியம் 0.4 கிராம்தான். ஆனையிறவு உப்பளத்தில் உப்பு விளைந்தபின் மிஞ்சும் நீரை நாக்கில் வைத்தால் கசக்கும். அந்தக் கசப்பில் பெரும்பங்கு மகனீசியத்தினுடையது. அதற்காக உவர்க் கிணற்று நீரைக் குடித்துப் பிரசரைக் குறைக்கலாம் என்று யாரும் கிளம்பக் கூடாது. கூடவே வரும் சோடியம் கணக்கைக் கவிழ்த்துவிடும். இப்போது பலரும் வாங்கிக் குடிக்கும் வடிகட்டிய போத்தல் தண்ணீரில், வடிகட்டும்போது உப்புகள் பெரும்பாலும் நீங்கிவிடுவதால், இரண்டும் சொற்பம்.

சாப்பாட்டிலிருந்துதான் மகனீசியம் முக்கியமாக வரவேண்டும். வளர்ந்தவருக்கு நாளொன்றுக்கு 310 தொடக்கம் 420 மில்லிகிராம் வரை தேவை. நூறு கிராம் எள்ளில் ஏறக்குறைய 350 மில்லிகிராம் இருக்கிறது. எள்ளுப்பாகு பிடித்தவர்கள் இதைப் படித்துச் சந்தோசப்படலாம், ஆனால் அதிலுள்ள சர்க்கரையையும் மறக்க வேண்டாம். உழுந்து, கச்சான், மரமுந்திரிகைப் பருப்பு, குரக்கன் எல்லாவற்றிலும் நன்றாகவே உண்டு. பச்சை இலைகளில் இருப்பதற்குக் காரணம் பச்சையத்தின் நடுவிலே இருக்கும் அணு மகனீசியம் என்பதுதான். முருங்கையிலையோ முளைக்கீரையோ, அவித்த தண்ணீரை ஊற்றிவிட்டால் ஒரு பங்கு அதோடு போய்விடும். அரிசியில் பெரும்பங்கு தவிட்டில் இருக்கிறது. தீட்டாத அரிசியில் நூறு கிராமுக்கு 100 மில்லிகிராமுக்கு மேல் இருக்க, நன்றாகத் தீட்டிய வெள்ளை அரிசியில் 25, 30 என்ற அளவுக்கு இறங்கிவிடும். மொட்டைக்கறுப்பன் நெல்லைத் தவிடு போகாமல் குற்றிச் சமைத்தவர்கள் மகனீசியத்தை நினைத்துச் செய்யவில்லை, ஆனால் அவர்களுக்கு அது கிடைத்தது.

குருதிப் பரிசோதனையில் மகனீசியம் சாதாரணம் என்று வந்தால் நிம்மதிதான், ஆனால் அந்த எண் முழுக்கதையையும் சொல்லாது. உடம்பில் இருக்கும் ஏறக்குறைய 25 கிராமில் பாதிக்கு மேல் எலும்பில், மிச்சத்தில் பெரும்பகுதி கலங்களுக்குள். குருதியில் இருப்பது ஒரு சதவீதம்கூட இல்லை. உண்மையாகவே குறைந்துவிடும் ஆட்களும் உண்டு. சிறுநீர் கூடுதலாகப் போகச் செய்யும் பிரசர்க் குளிசைகள் எடுப்பவர்கள், நீரிழிவு கட்டுப்பாட்டில் இல்லாதவர்கள், குடியில் ஊறியவர்கள், வருடக்கணக்காக ஒமிப்பிரசோல் போடுபவர்கள். கடைசி ஆட்கள் எங்களுக்குள் கொஞ்ச நஞ்சமல்ல. நெஞ்செரிவு என்று பார்மசியில் கேட்டு வாங்கத் தொடங்கியது அப்படியே பழக்கமாகிவிடுகிறது. நீண்டகாலம் எடுத்தால் மகனீசியம் குறையலாம் என்று அமெரிக்க மருந்து நிர்வாகம் 2011-இலேயே எச்சரித்திருக்கிறது. கை கால் அடிக்கடி கொரக்கை பிடிக்கிறது, பொற்றாசியம் எவ்வளவு கொடுத்தும் ஏறவில்லை என்றால் வைத்தியர் மகனீசியத்தையும் பார்ப்பார்.

சிறுநீரகம் பழுதானவர்களுக்கு விஷயம் தலைகீழ். அவர்களின் உடம்பு கூடுதல் மகனீசியத்தைக் கழிக்க முடியாது. மகப்பேற்று விடுதியில் சிறுநீரை அளப்பதும் இதே காரணத்துக்காகத்தான். வயிற்றெரிவுக்குக் குடிக்கும் வெள்ளைக் கலவையிலும் மலம் இளக்கும் சில மருந்துகளிலும் மகனீசியம் இருக்கிறது. அப்படிப்பட்டவர்கள் இவற்றைக்கூடக் கிளினிக்கில் கேட்ட பிறகுதான் வாங்க வேண்டும்.